போர்க்காலத்துப் போலி டைரிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பழைய நடையில் நையாண்டி டைரி எழுதினார்களாமே? – வாசகி, கும்பகோணம்

பதில்: ஆமாம். ஆர். எம். ஃப்ரீமன் என்பவர் 'சாமுவேல் பீப்ஸ் ஜூனியர்' என்ற புனைபெயரில் எழுதிய 'எ டைரி ஆஃப் தி கிரேட் வார்' 1916-ல் வெளிவந்தது. அசல் பீப்ஸ் 17-ஆம் நூற்றாண்டுக் கடற்படை அலுவலக அதிகாரி. 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் அவர் எழுதிய டைரி, 1825-ல்தான் அச்சேறியது.

கேள்வி: எத்தனையோ பேர் டைரி எழுதியிருக்க, பீப்ஸை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? – வாசகர், திருச்சி

பதில்: அவருடையதே போர்க்கால டைரி. 1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தின. கடற்படை அதிகாரியான பீப்ஸ் உடனே செய்தது என்ன? சுமார் 1,300 பவுண்டு பெறுமான தங்கக் காசுகளோடு அப்பாவையும் மனைவியையும் ஊருக்கு அனுப்பினார். 300 பவுண்டுக்கான காசைக் கச்சையாக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊருக்கு அனுப்பிய தங்கத்தை அவர்கள் பட்டப்பகலில் புதைத்தார்கள் என்று தெரிந்தபோது கொதித்துப்போனார். அக்டோபரில் தோண்டினால் பை மக்கி, காசுகள் மண்ணோடு கலந்திருந்தன. ராத்திரியில் மண்ணை வாளியில் அள்ளி வந்து கழுவிக் கழுவித் தேடினார்கள். அப்படியும் சில காசுகள் குறைந்தன. நாட்டுக்கு வந்த ஆபத்தையும் தன் காசுக்கு வந்த ஆபத்தையும் ஒரே மூச்சில் எழுதும் இந்த மனுஷனை விட்டால் நையாண்டிக்கு வேறு யார் கிடைப்பார்!

கேள்வி: அந்தப் பாணியில் எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மூலத்தில் ஏதாவது ஒரு மாதத்தை நாள் தவறாமல் படியுங்கள். எழுந்தது, அலுவலகம், யாரோடு சாப்பாடு, காதில் விழுந்த சண்டைச் செய்தி, செலவுக் கணக்கு, மனைவியோடு சச்சரவு, படுக்கை என்று அவர் ஒரு நாளை அடுக்கும் விதம் பிடிபட்டுவிடும். பிறகு ஒரு பதிவுக்கு ஒரே ஒரு பொதுச் செய்தியை எடுங்கள். அதற்கு இரண்டு வரி போதும். மற்ற வரிகளில் அது அவர் வீட்டை என்ன பாடு படுத்தியது என்று காட்டுங்கள். உதாரணமாக, 1916 மே 21-ல் பிரிட்டனில் பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தச் சட்டம் போட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சட்டத்தை விளக்க வேண்டாம். வேலைக்காரி பழைய மணிக்கே அடுப்பு மூட்டினாள், ஐயா பசியோடு அலுவலகம் போனார் என்று எழுதுங்கள்.

பலர் சறுக்குவது பழஞ்சொல்லில். பத்து வாக்கியத்தில் இரண்டு மூன்று இருந்தால் தாராளம். மிஞ்சினால் அகராதி வாடை அடிக்கும். எழுவாயை விட்டுவிட்டு வினைகளை மளமளவென்று அடுக்கினாலே பழைய வேகம் வந்துவிடும். 'பிறகு படுக்கைக்கு' என்ற முத்திரை வரியைத் தினமும் போடாதீர்கள், பீப்ஸே எல்லா நாளும் அப்படி முடிப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய பிழை, போரின் முடிவு தெரிந்தவர்போல் எழுதுவது. 1916-ல் இருப்பவருக்கு 1918 தெரியாது. வதந்தியை நம்புவார், மறுநாள் மாற்றிச் சொல்வார். தான் வேடிக்கையாக எழுதுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியவே கூடாது.

கேள்வி: ஆனந்தரங்கப் பிள்ளை நடையிலும் இப்படி எழுதலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: தாராளமாக. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாட்களின் பதிவுகளை முதலில் படியுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்) என்ற நாற்காலியில் உட்கார்ந்து டைரி எழுதியவர் அவர். அந்த நாற்காலியை விட்டு இறங்காமல் எழுதுங்கள்.