மலருக்குப் பதில் யெஷிவா நன்கொடை: எவ்வளவு, எப்படி?

கேள்வி: லண்டனில் வேலை செய்கிறேன். உடன் பணிபுரியும் யூத நண்பரின் தந்தை காலமானார். மலர் வேண்டாம், அவர் நினைவாக ஒரு யெஷிவாவுக்கு (யூத சமய நூல்களைப் படிக்கும் கல்விக்கூடம்) நன்கொடை தாருங்கள் என்று குடும்பத்தார் அறிவித்திருக்கிறார்கள். தோரா என்னும் யூத வேதத்தைப் படிப்பவர்களுக்குப் பணம் தருவது தர்மமாகுமா? யூதரல்லாத நான் தரலாமா? எவ்வளவு தருவது?

பதில்: தாராளமாகத் தரலாம். குடும்பத்தாரே கேட்டிருக்கிறார்கள், தயக்கம் வேண்டாம். துக்க வீட்டுக்கு மலர் அனுப்புவது யூத வழக்கமல்ல. இறந்தவர் பெயரால் தோரா படிக்கப்படுவதையே அவர்கள் பெரிய மரியாதையாகக் கருதுகிறார்கள்.

தர்மமா என்று யூத அறிஞர்களே வாதாடியிருக்கிறார்கள். உழைக்காமல் பிறர் கொடையை நம்பித் தோரா படிப்பதை 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் கடுமையாகக் கண்டித்தார். ஆதரவு இல்லாவிட்டால் முழுமூச்சாகப் படிக்க ஆளிருக்காது, தோராவே மறந்துபோகும் என்று 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ மறுத்தார். நடைமுறையில் காரோவின் பக்கமே நிலைத்தது.

இந்தக் கொடையை அவர்கள் பிச்சையாகப் பார்ப்பதில்லை, பங்குடைமையாகவே பார்க்கிறார்கள். பண்டைய இஸ்ரவேலரில் செபுலோன் கோத்திரம் கடல் வாணிகம் செய்து இசக்கார் கோத்திரத்தைப் படிக்கவைத்தது, பலனில் இருவருக்கும் பங்கு என்பது மரபு. காரோவின் சமகாலத்தவரான மோசே இசர்லெஸ் இதற்கு ஒரு நிபந்தனையையும் எழுதிவைத்தார்: ஒப்பந்தம் படிப்புக்கு முன்பே ஆக வேண்டும், படித்து முடித்த புண்ணியத்தைப் பிறகு விலைக்கு வாங்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. நீங்கள் தரும் பணம் நாளைய படிப்புக்கானது. இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒரே பக்கத்தை உரக்க வாதிட்டுப் படிக்கும் கூடத்தின் மதிய உணவுக்கும், மின்கட்டணத்துக்கும், மணமானவர்கள் படிக்கும் கொல்லெலில் மாத உதவித்தொகைக்கும் அது போகும்.

அதே மரபு, பசியென்று வந்து நிற்பவருக்கு விசாரிக்காமல் உணவிடச் சொல்கிறது. ஆகவே ஏழைகளுக்கு வழக்கமாகத் தருவதைக் குறைத்து இதைத் தராதீர்கள்.

தொகைக்குக் கட்டாயம் ஏதுமில்லை. எபிரேயத்தில் 'உயிர்' என்ற பொருள் தரும் சொல்லின் எண்மதிப்பு 18 என்பதால், பலரும் அதன் மடங்குகளில் தருவார்கள். 36 பவுண்டு கௌரவமான தொகை. நீங்கள் பிரிட்டனில் வருமான வரி செலுத்துபவராகவும், யெஷிவா அங்கே பதிவுபெற்ற அறக்கட்டளையாகவும் இருந்தால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் ஒப்புதல் தாருங்கள். அரசு சேர்ப்பதோடு அது 45 பவுண்டாகும், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை.

அடக்கத்திலிருந்து முப்பது நாளுக்குள் அனுப்புவது நல்லது. பல குடும்பங்களில் உற்றாரும் நண்பர்களும் மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, இறந்தவர் நினைவாக அந்த முப்பது நாளுக்குள் படித்து முடிப்பார்கள். நன்கொடைக் குறிப்பில் இறந்தவரின் எபிரேயப் பெயரைத் தந்தை பெயரோடு எழுதுங்கள். 'இன்னாரின் மகன் இன்னார்' என்பதே முறை. தெரியாவிட்டால் நண்பரைக் கேளுங்கள், வருத்தப்பட மாட்டார்.

முதல் ஏழு நாள் துக்கம் விசாரிக்கப் போகும்போது பண உறை கொண்டுபோக வேண்டாம். நேரே யெஷிவாவுக்கு அனுப்பிவிட்டு, குடும்பத்துக்குத் தகவல் அட்டை அனுப்பும்படி அவர்களிடமே சொல்லுங்கள். அட்டையில் தொகை இடம்பெறக் கூடாது.