தென்னை ஓலையில் கறுப்பு: பூஞ்சாணக்கொல்லி அடிக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். கீழ்மட்டைகள் கரி பூசினாற்போல் ஆகிவிட்டன. ஊடுபயிர் வாழையும் கறுக்கிறது. கடையில் பூஞ்சாணக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். கறுத்த கீற்று ஒன்றை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், அடியில் பச்சையாகவே இருக்கும். அது மரத்தின் நோயில்லை. இனி அதற்கு மேலுள்ள மட்டையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக முட்டை தெரியும். இது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2016-ல் நம் நாட்டில் முதலில் தென்பட்டதே உங்கள் பொள்ளாச்சியில்தான்.

ஓலைச்சாறு மட்டுமே அதற்கு உணவு. சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச்சத்து சொற்பம். அந்தக் குறையை ஈயின் உடலுக்குள்ளேயே வாழும் போர்ட்டியேரா என்ற பாக்டீரியா தீர்த்துவைக்கிறது. தாய் ஈயிடமிருந்து முட்டைக்கும் அது போய்விடும். மிஞ்சிய சர்க்கரை தேன்போலக் கீழே சொட்டுகிறது. அதைத் தின்று வளர்வதுதான் கேப்னோடியம் என்ற கரும்பூசணம். ஓலைக்குள் அது நுழையாது, வெயிலை மறைப்பதே அதனால் வரும் கெடுதல். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளியுங்கள். காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும்.

ஈயை அழிக்க இன்னொரு பூஞ்சாணம் இருக்கிறது: ஐசேரியா பியூமோசோரோசியா. லிட்டருக்கு 5 கிராம் கலக்க வேண்டும். அதன் வித்து ஈயின் தோலில் ஒட்டி, முளைவிட்டு, உள்ளே துளைத்துப் போய் ஈயைக் கொல்லும். முளைக்க ஈரப்பதம் வேண்டும், கடும் வெயில் பட்டால் வித்து செத்துவிடும். அதனால் மாலையில், ஓலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். கடைக்காரர் சொன்ன மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்த நல்ல பூஞ்சாணம்தான். ஈக்கு ஒன்றும் ஆகாது.

பூச்சிக்கொல்லியும் வேண்டாம். ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் என்கார்சியா என்ற சின்னக் குளவி அதில் அழிந்துவிடும். எந்தத் தோப்புக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அதன் தடயத்தைத்தான். லென்ஸில் பாருங்கள்: காலிக்கூட்டில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது, 'T' வடிவில் பிளந்திருந்தால் ஈ. வட்டத் துளைகள் நிறையத் தெரிகிற மரத்தில் சில கீற்றுகளை வெட்டி, அவை இல்லாத மரங்களின் ஓலையில் குத்திவிடுங்கள்.