ஏர் ஹோஸை அடைப்பதற்கு முன்

நண்பரே, 2014 மாடல் கார்புரேட்டர் பைக், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'டப் டப்', அதனால் சைலன்சர் பக்கம் புதுக் காற்றை விடும் ஏர் இன்ஜெக்ஷன் வால்வையே அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தம் நிற்கலாம். ஆனால் பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும் என்று மெக்கானிக் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காற்று இன்ஜினுக்குள் போவதே இல்லை. புகை வெளியேறும் வாயான எக்ஸாஸ்ட் போர்ட்டில் கலந்து, எரியாத பெட்ரோலை எரிக்கிறது, அவ்வளவுதான்.

த்ராட்டிலை மூடும்போது இன்ஜினின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, அந்த வால்வை மூட வேண்டும். மூடாவிட்டால் புதுக் காற்று சைலன்சர் பக்கம் போய், எரியாத பெட்ரோலோடு சேர்ந்து வெடிக்கும். அதனால் முதலில் வால்வுக்கு வரும் மெல்லிய வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். பத்து வருட ரப்பர், பெரும்பாலும் அதுதான். அந்த ஹோஸை இன்ஜின் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அப்புறம் சைலன்சர் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கே கசிந்தாலும் இதே சத்தம்தான்.

சோதனைக்காகப் காற்று போகும் பெரிய ஹோஸை ஒரு நாள் அடைத்து ஓட்டிப் பார்க்கலாம். நிரந்தரமாக வேண்டாம், புகைச் சோதனையில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3.5 சதவீதத்தைத் தாண்டினால் சான்றிதழ் கிடைக்காது.