ஐரோப்பாவில் மூன்று வாரம்: ஊர்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வருகிற மே மாதம் பள்ளி விடுமுறையில் முதல்முறையாக ஐரோப்பா போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 15 வயது மகள், 9 வயது மகன், 68 வயதில் என் அத்தை, அதாவது மாமியார். மொத்தம் 21 நாள். அத்தைக்கு முட்டிவலியும் சர்க்கரையும் உண்டு. முட்டைகூடத் தொடாத சைவம். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். டூர் கம்பெனி இல்லாமல் நாங்களே போய்வர முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?"

தாராளமாக முடியும். சொல்லப்போனால், உங்கள் அத்தையை அழைத்துக்கொண்டு போவதால்தான் நீங்களே திட்டமிட வேண்டும் என்பேன். காலை ஆறரைக்கு லாபியில் பெட்டியோடு நிற்கச் சொல்லும் குழுப் பயணம் அவருடைய முட்டிக்கு ஒத்துவராது. ஆனால் பட்டியலில் உள்ள ஏழு ஊரையும் 21 நாளில் நீங்களாகப் பார்க்கப் போனால், அந்தக் குழுப் பயணத்தைவிட மோசமாக அலைவீர்கள்.

ஊர் மாறும் நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் மலையடிவார ஊரான இன்டர்லாக்கன் போகிறீர்கள் என்று வையுங்கள். காலையில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். சாதாரண டாக்ஸியில் நாலு பேருக்குத்தான் இடம். ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் முன்கூட்டியே வேன் சொல்லி வைக்க வேண்டும். பாரிஸின் கார் டி லியோன் ஸ்டேஷனில் பிளாட்பார நம்பர் ரயில் கிளம்புவதற்குச் சுமார் 20 நிமிஷத்துக்கு முன்புதான் பலகையில் வரும். வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, உங்கள் ரயில் பெட்டியைத் தேடி ஏறி, சாமான்களை நீங்களே தூக்கி வைக்க வேண்டும். போர்ட்டர் கிடையாது. சுவிஸ் எல்லையில் உள்ள பாசெல் வரை மூன்று மணி நேரம், அங்கே ரயில் மாறி இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை இன்னொரு இரண்டு மணி நேரம். அங்கே வீட்டுச் சாவி கையில் கிடைக்க மாலை மூன்று, நான்கு ஆகிவிடும். அரிசி, பால் வாங்கி அத்தைக்குச் சாப்பாடு வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஒவ்வொரு மாற்றமும் இப்படி ஒரு முழு நாளை விழுங்கும். ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம். விமானத்துக்குப் போகும் நாட்களையும் கழித்தால் ஊர் பார்க்க மிஞ்சுவது இரண்டு வாரத்துக்கும் குறைவு.

அதனால் நான் மூன்று பெயர்களை அடிக்கிறேன். முதலில் லண்டன். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. ஐந்து பேருக்கும் தனி விசா, தனிக் கட்டணம். லண்டனுக்கென்று ஒரு பயணம் பிறகு வைத்துக்கொள்ளலாம், அந்த ஊருக்கு அது தகும். அடுத்து ஆம்ஸ்டர்டாம். டூலிப் தோட்டத்துக்காகச் சேர்த்திருந்தால், கியூகன்ஹோஃப் மே பாதிக்குள் மூடிவிடும். பிராக் அருமையான ஊர்தான், ஆனால் இந்த வழியில் இல்லை.

மீதியை இப்படிப் பிரியுங்கள்: பாரிஸ் 6 இரவு, இன்டர்லாக்கன் 8, வெனிஸ் 2, ரோம் 4. விமான டிக்கெட்டைப் போக பாரிஸுக்கும், திரும்ப ரோமிலிருந்தும் எடுங்கள். பதிவு செய்யும் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று இருக்கும். பாரிஸுக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் வீண் அலைச்சல் இதனால் மிச்சம். டிக்கெட் போடும்போதே அத்தைக்கு வீல்சேர் உதவியும் கேட்டுவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

சுவிஸில் எட்டு இரவா, அதுதானே இருப்பதிலேயே செலவான நாடு என்று கேட்பீர்கள். காரணம் மேகம். ஆல்ப்ஸில் இரண்டு நாள் மட்டும் தங்குபவர்கள், மலை மூடியிருந்தாலும் வாங்கிய டிக்கெட்டுக்காக ஏறிப் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். எட்டு நாள் கையில் இருந்தால் வானம்தான் உங்கள் அட்டவணை. காலையில் எழுந்ததும் மலையுச்சிகளின் நேரலைக் கேமராவைப் போனில் பாருங்கள். தெளிவாக இருந்தால் மேலே போங்கள்; மூடியிருந்தால் பிரியன்ஸ் ஏரியில் படகு, இல்லாவிட்டால் பெர்ன் நகரம். முதல் இரண்டு மூன்று நாள், நமக்கும் அங்கேயும் கோடையில் உள்ள மூன்றரை மணி நேர வித்தியாசம் உங்களை விடியுமுன்பே எழுப்பிவிடும், அதை பாரிஸிலேயே கழித்துவிட்டு வருவதால் இங்கே உடம்பும் பழகியிருக்கும்.

பலரும் மலை ரயிலில் ஏறிப் போகும் யுங்ஃபிராவ்யோக் ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவைவிட எண்ணூறு மீட்டருக்கு மேல் அதிகம். காற்று மெலிந்த இடம். அத்தை அங்கே போவதானால் முதலில் அவருடைய டாக்டரைக் கேளுங்கள். இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என் யோசனை: கணவரும் பிள்ளைகளும் ஒரு தெளிவான நாளில் அங்கே போகட்டும். நீங்களும் அத்தையும் லவுட்டர்புருன்னென் வழியாக மூர்ரன் கிராமத்துக்குப் போங்கள். கேபிள் கார், பிறகு குட்டி ரயில், 1,638 மீட்டர் உயரம், தெருவில் கார் ஓடாது. ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்று சிகரமும் எதிரில் நிற்கும். பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடித்தபடியே பார்க்கலாம். ஒரே நாளில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து போவதில் தப்பே இல்லை. எல்லாரும் எல்லா இடத்துக்கும் போயே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் மாலையில் சண்டையாகிறது.

மூர்ரன் பாதை, படகு, ரயில், பஸ் எல்லாமே சுவிஸ் டிராவல் பாஸ் என்ற ஒரே டிக்கெட்டில் அடங்கும். உயர்ந்த சிகரங்களுக்குச் சலுகை மட்டும்தான். 8 நாள் பாஸ் உண்டு. பாசெலில் இறங்கும் நாளிலிருந்து அது ஓடட்டும். வெனிஸுக்குக் கிளம்பும் நாளில், வழியில் உள்ள மிலான் வரை எப்படியும் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். பெற்றோரிடம் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டில் இலவசம். அதாவது உங்களுக்கு ஐந்து பாஸ் வேண்டாம், மூன்று போதும். மகளுக்குப் பயணத்துக்கு முன்பே 16 ஆகிவிடுமா என்று மட்டும் பிறந்த தேதியைப் பாருங்கள்.

இனி விசா. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் இறங்கும் நாடு அல்ல. மேலே சொன்ன கணக்கில் சுவிஸ் 8, பிரான்ஸ் 6, இத்தாலி 6. எனவே சுவிஸ், இதில் குழப்பமே இல்லை. அந்த ஒரே விசா மூன்று நாட்டுக்கும் போதும். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் வாங்குவார்கள். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு, அதனால் கார்த்திகை, மார்கழியிலேயே முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. மகளுக்கும் முழுக் கட்டணம்தான். ஆக உங்கள் குடும்பத்துக்கு 405 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். 12 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். சின்னவர்களுடைய பாஸ்போர்ட் ஐந்து வருஷத்தில் காலாவதியாகிவிடும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் நிறைய. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. அத்தைக்கு அது மட்டும் போதாது. சர்க்கரைபோல ஏற்கெனவே உள்ள நோயால் ஆஸ்பத்திரி போக நேர்ந்தால் பணம் தருவார்களா என்று பாலிசியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய தங்குமிடங்களை மட்டுமே பதிவு செய்யுங்கள்.

2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி, ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக முகப் படம் பதிந்து, விசாவுக்குக் கொடுத்த கைரேகையைச் சரிபார்க்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இதில் நேரம் பிடிக்கும். பிராங்க்ஃபர்ட் போன்ற ஊரில் விமானம் மாறிப் போனால் அங்கேயே இந்தச் சோதனை நடக்கும் என்பதால், இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாத டிக்கெட்டாகப் பாருங்கள்.

சாப்பாடுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. சர்க்கரை உள்ளவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். பாரிஸில் பல உணவகங்கள் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ராத்திரிதான் மறுபடி திறப்பார்கள். ரோமில் ராத்திரிச் சாப்பாடே ஏழரைக்குத்தான் சூடு பிடிக்கும். ஆகவே ஓட்டல் அறை வேண்டாம், சமையலறை உள்ள வீடாக எடுங்கள். ஐந்து பேரை ஒரே அறையில் தங்கவிட மாட்டார்கள் என்பதாலும் அதுதான் மலிவு. லிஃப்ட் உண்டா, எத்தனையாவது மாடி என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன் அல்லது கண்ணாடித் தகடாக இருக்கும். அலுமினிய குக்கர் இண்டக்‌ஷனில் சூடேறாது. அடி எவர்சில்வராக இருக்கும் இண்டக்‌ஷன் குக்கரை எடுத்துப் போங்கள். கடுகும் மிளகாயும் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிடுங்கள். மேலே புகை உணர்கருவி இருக்கும், அது அலறினால் மாடி முழுக்கக் கூடிவிடும்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரவை, ஊறுகாய், அப்பளம் கொண்டுபோகலாம். நெய்யும் பால் இனிப்பும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால், இறைச்சிப் பொருட்கள் எடுத்து வர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது, சுவிஸிலும் அப்படியே. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்று இல்லாமல் அனுமதி இல்லை, உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். நெய்க்கு அங்கே கிடைக்கும் வெண்ணெயை உருக்கிக்கொண்டால் போயிற்று, மணம் பிரமாதமாக இருக்கும். பாரிஸில் கார் டு நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் தெரு முழுக்க இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் அங்கே வாங்கிவிடலாம். தமிழிலேயே பேரம் பேசலாம். இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கோப் என்ற பலசரக்குக் கடை இருக்கிறது. சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள்.

வெளியில் சாப்பிட நேர்ந்தால் இத்தாலிதான் அத்தைக்கு வசதி, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கையால் செய்த புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். பாக்கெட்டில் வரும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் வெறும் கோதுமை ரவை. பர்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். பீட்சா மரினாரா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸே கிடையாது.

பார்க்கும் இடங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, பிள்ளைகளே தேடி வைத்திருப்பார்கள். நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனை திங்கள் விடுமுறை, வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். மே 1 அன்று பாரிஸில் ஏறக்குறைய எல்லாமே அடைப்பு. ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாளுக்கு முன்பும், கொலோசியம் 30 நாளுக்கு முன்பும் விற்பனைக்கு வரும். திறக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு டிக்கெட் போட்ட இடம் ஒன்றே போதும், அதுவும் காலையில். மதியம் அத்தை படுத்து எழட்டும். மே கடைசியில் பாரிஸில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், மாலையில் மறுபடி கிளம்பலாம்.

பாரிஸ் மெட்ரோவில் 14ஆம் தடம் தவிர மற்றவற்றில் படிக்கட்டுகள் முட்டியைக் கொன்றுவிடும். பஸ்ஸில் போங்கள். 69ஆம் நம்பர் பஸ் ஈஃபில் பக்கத்திலிருந்து லூவ்ரைத் தொட்டுக்கொண்டு போகும், ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். வெனிஸில் ஏறக்குறைய எல்லாப் பாலமும் படிக்கட்டு என்பதால் வீட்டை சாந்தா லூசியா ஸ்டேஷன் பக்கத்திலேயே எடுங்கள். அங்கிருந்து படகு பஸ் கிராண்ட் கால்வாய் முழுக்கப் போகும். ரோமில் தெருவெங்கும் இரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டையிலிருந்து நீர் வளைந்து பீறிடும், குனியாமலே குடிக்கலாம். மகனுக்கு அதுவே போதும்.

கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். இந்த வழி முழுக்க ரயில் போகிறது. ஏடிஎம்மிலும் கடைகளிலும் ரூபாயில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிட்டு யூரோவையே, சுவிஸில் பிராங்கையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நிறையப் பிடித்துக்கொள்வார்கள். அத்தையின் மாத்திரைகளை மூன்று வாரத்துக்குச் சேர்த்து இன்னும் ஒரு வாரத்துக்கு, மருந்தின் மூலப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட வேண்டாம். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஐந்து பாஸ்போர்ட்டையும் மேஜையில் பரப்பிக் காலாவதி தேதியைப் பாருங்கள். அதில் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை முடியுங்கள்.