நான்கு படங்கள் குறித்துச் சில கேள்விகள்

2024 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 27 வரையிலான ஐந்து வாரங்களில் வெளிவந்த வாழை, கொட்டுக்காளி, லப்பர் பந்து, மெய்யழகன் ஆகிய படங்களை அண்மையில் பார்த்த உறுப்பினர்களின் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். படங்களின் முடிவுகளும் பேசப்படுவதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கேள்வி: ஐயா, கொட்டுக்காளியில் பின்னணி இசையும் இல்லை, தெளிவான முடிவும் இல்லை. பார்வையாளரை இது ஏமாற்றுவதாகாதா?

பதில்: இசை இல்லையே தவிர, ஒலிக்குக் குறைவில்லை. ஷேர் ஆட்டோவின் இரைச்சலும், பலிக்காகக் கொண்டுபோகும் சேவலின் சிறகடிப்பும், சுண்ணாம்பு பூசிய தொண்டையிலிருந்து சூரி வரவழைக்கும் கரகரத்த குரலும் இசை செய்திருக்கக்கூடிய வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. குரல் கட்டிப்போன பாண்டி (சூரி) ஓயாமல் அதட்டிக்கொண்டே வருகிறான். அவனை மணக்க மறுப்பதால் பேய் பிடித்தவளாகக் கருதப்பட்டுப் பூசாரியிடம் அழைத்துச் செல்லப்படும் மீனாவோ, குரல் நன்றாக இருந்தும், ஏறத்தாழ படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. வழியை மறித்து நிற்கும் காளையிடம் அத்தனை ஆண்களும் தோற்றுப் பின்வாங்க, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிச் செல்லும் காட்சியில், இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் சொல்ல வந்ததெல்லாம் வசனமின்றியே வந்துவிடுகிறது.

படத்தின் முடிவைப் பொறுத்தவரை, மீனா தன் தீர்மானத்தை முதல் காட்சிக்கு முன்பே எடுத்துவிட்டவள். பூசாரி வேறொரு பெண்ணிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்ட பிறகு பாண்டி என்ன செய்யப்போகிறான் என்பது மட்டுமே மிச்சம், அதைப் படம் அவனிடமே விட்டுவிடுகிறது. இதில் ஏமாற்று ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சில பயணக் காட்சிகள், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பின்னும் நீள்கின்றன என்ற குறை எனக்கும் உண்டு.

கேள்வி: மெய்யழகன் வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார்களே, அது சரியா?

பதில்: பாதி சரி. தன்னை இவ்வளவு உரிமையோடு கொண்டாடுபவனின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லையே என்ற நாயகன் அருள்மொழியின் கூச்சம்தான் கதையின் முடிச்சு. கார்த்தியின் பாத்திரம் பேசப் பேச அந்தக் கூச்சம் குற்றவுணர்வாகக் கனக்க வேண்டும் என்பதால், இந்தப் படத்துக்கு நீளம் தேவைப்படுகிறது. ஓர் இரவின் உரையாடலை நம்பியே முந்தைய படமான 96-ஐயும் நகர்த்திய இயக்குநர் ச. பிரேம்குமாருக்கு இது தெரியாததல்ல. ஆனால் வரலாறு, வீரம் பற்றிய பேச்சுகள் அந்தக் கனத்தைக் கூட்டுவதில்லை. அவை குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. மணமேடையில், வரிசையில் நிற்பவர்களைப் பற்றிய கவலையே இல்லாமல், அண்ணன் தந்த பரிசைத் தங்கை அங்கேயே பிரித்துப் பார்க்கும் காட்சியில் கத்தரிக்கோலை வைத்திருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

கேள்வி: லப்பர் பந்து சாதியை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுச் சிரிக்க வைக்கிறது என்கிறார் நண்பர். தங்கள் கருத்து?

பதில்: நண்பரோடு உடன்பட முடியவில்லை. நன்றாக ஆடத் தெரிந்த அன்புவுக்கு உள்ளூர் கிரிக்கெட் அணியில் நிரந்தர இடம் ஏன் கிடைப்பதில்லை என்பதை ஆள் எடுக்கும் பேச்சிலேயே காட்டிவிடுகிறார் தமிழரசன் பச்சமுத்து. அதற்கெனத் தனியாக ஒரு பிரசங்கம் வைத்திருந்தால்தான் மேலோட்டமாகியிருக்கும். கெத்து என்ற மூத்த ஆட்டக்காரர் மட்டை பிடிக்க வரும்போது 1989-இல் வெளியான விஜயகாந்த் படமான பொன்மனச் செல்வனின் பாடல் ஒலிப்பது வெறும் ரசிகர் கைதட்டலுக்காக மட்டுமல்ல, அந்த மனிதரின் வயதையும் இளமைக் கனவையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. கெத்துவின் மனைவியாக சுவாசிகா நடித்த யசோதைக்கு இன்னும் இரண்டு காட்சிகள் தந்திருக்கலாம்.

கேள்வி: வாழையின் இறுதிக்காட்சி வலிந்து அழவைப்பதாகத் தோன்றியது. உங்களுக்கு?

பதில்: பின்னணி இசை சற்று அடங்கியிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வெளியே ஒப்பாரி கேட்க, பசி பொறுக்காத சிறுவன் சோற்றுப் பானையைத் தேடுவது வலிந்து சேர்த்ததல்ல; வாழைத்தார் சுமக்கும் கூலியில் தொடங்கிய கதை வந்து சேர வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: வயதான பெற்றோருடன் வீட்டில் பார்க்க எது ஏற்றது?

பதில்: லப்பர் பந்து. மெய்யழகனை இரவு உணவு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுக்காளியை மட்டும், மின்விசிறிச் சத்தத்தில் பாதி ஒலிகள் காணாமற்போகும் என்பதால், தனியாக ஹெட்போன் அணிந்து பார்ப்பதே நல்லது.