கில்நாசகர்ட் கல் "வெறும் கல்"தானா?

கேள்வி: டப்ளினில் குடும்பத்தோடு இருக்கிறோம். அர்மா பக்கம் கில்நாசகர்ட் கல்லைப் பார்க்கப் போகலாம் என்றால், அது வெறும் கல்தான் என்கிறார்கள். போகலாமா?

அப்படிச் சொன்னவர் மேகம் மூடிய மதியத்தில் போயிருப்பார். முதல் தடவை நானும் அப்படித்தான் போய் அசடு வழிந்தேன்.

மச்சினன் குடும்பம் ஊரிலிருந்து வந்திருந்தது. "கி.பி. 700 வாக்கில் வெட்டிய கல்வெட்டு" என்று பெருமையடித்துக் கூட்டிப் போனேன். அயர்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குள் எல்லை தாண்டி, ஜோன்ஸ்பரோ ஊர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, வயல் வழியே நடை. ஈரப்புல், சாணி, விடாத தூறல். ஆளைவிட உயரமாக ஒரு கல்தூண். பின்பக்கம் வட்டத்துக்குள் சிலுவைகள் இருந்தன. எழுத்து இருக்க வேண்டிய பக்கத்திலோ பாசிதான். "இதுக்கா மாமா ஷூவைப் பாழாக்கினோம்?" என்றான். அக்காவும் தம்பி பக்கம்தான் சிரித்தாள்.

அன்று வாடகைக் கார் வேறு. எல்லை தாண்டினால் தனிக் கட்டணமாம், சாவி கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். அந்த எல்லையில் கேட் கிடையாது, போலீஸ் கிடையாது. வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான். அதற்குக் காசு! உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். ரோஷத்தில் அடுத்த மாதமே தனியாகப் போனேன், நல்ல வெயில் நாளாகப் பார்த்து. எழுத்துள்ள முகம் தென்கிழக்கைப் பார்த்திருக்கிறது. பிற்பகல் வெயில் அதைப் பக்கவாட்டில் உரசும்போது, வெட்டிய பள்ளங்களில் மட்டும் நிழல் தங்குகிறது. பத்து நிமிடம் நின்றேன். முதலில் 'மாக்' (mac) என்ற மூன்றெழுத்து எழுந்து வந்தது, பிறகு வரி வரியாக மற்றவை. பழைய ஐரிஷ் மொழி, லத்தீன் எழுத்து. கெரான் பிக்கின் மகன் டெர்னோக் இந்த இடத்தை அப்போஸ்தலர் பேதுருவின் காவலில் விட்டான் என்கிறது. நம் கணக்கில் தானக் கல்வெட்டு. டெர்னோக் 714 வாக்கில் இறந்ததாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளில் இருப்பதால்தான் காலத்தை இவ்வளவு நெருக்கிச் சொல்ல முடிகிறது. அயர்லாந்தில் நிற்கும் பழைய கற்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'மாக்' என்றால் மகன். உடனே தமிழ்தான் அயர்லாந்துக்குப் போனது என்று கிளம்பாதீர்கள். அது பழைய ஓகம் (கோடு கோடாக வெட்டும் பழைய ஐரிஷ் எழுத்து) கற்களில் 'மக்கி' என்று வரும் சொல்லின் வழி வந்தது, ஓசை ஒத்துப்போவது தற்செயல். ஓகம் கோடுகளைப் பற்றி எழுதவில்லையே என்பவர்கள் அயர்லாந்தின் தெற்கே கெர்ரி, கார்க் மாவட்டங்கள் பக்கம் போங்கள், அங்கே ஏராளம். நான் தொல்லியல் படித்தவனும் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். தள்ளுவண்டி வயலில் உருளாது, தூக்கிக்கொள்ளுங்கள். முழங்கால் ரப்பர் ஷூ போடுங்கள். வெயில் ஏமாற்றினால் குடையால் நிழல் கட்டி, போன் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.

அன்று எடுத்த போட்டோவை மச்சினனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.