வாசகர் கேள்வி: புலி ஏன் எந்திரிக்கவே இல்ல?

அண்ணா, லீவுக்கு பிள்ளைங்கள வண்டலூர் ஜூவுக்கு கூட்டிட்டுப் போனோம். உள்ள போறதுக்கே மதியம் ஆயிருச்சு. புலி புதர் ஓரமா படுத்தே கெடந்துச்சு, சின்னவன் அழுதுட்டான். அவ்ளோ தூரம் போனது வேஸ்ட்டா? அடுத்த தடவ பெங்களூரு பக்கத்துல இருக்குற பன்னேர்கட்டா ஜூவுக்கு போலாமா?
*வாசகி, பாலக்கோடு*

வேஸ்ட்லாம் இல்லம்மா. புலி வெயில் தாழ்ந்தப்புறமும் ராத்திரியிலயும்தான் சுத்துற ஜீவன், மத்தியான வெயில்ல காட்டுலயும் நிழல் பாத்து படுத்துத்தான் கெடக்கும். அதனால வெயில் ஏறுறதுக்குள்ள, காலைல கேட் தெறந்ததும் நேரா புலி, சிங்கம்னு போயிருங்க, மான், பறவையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொன்னும் சொல்லணும். இந்த ஜூ 1855-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே ரொம்பப் பழசுல ஒன்னு. நகரத்துக்குள்ள இருந்த வரைக்கும் கம்பிக்கூண்டுதான், மிருகம் எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரு மனுஷ மொகம் நிக்கும். 1985-ல வண்டலூர் காட்டுக்கு மாத்துனப்போ 1,000 ஏக்கருக்கு மேல எடம் கெடச்சுது, கம்பிய எடுத்துட்டு அகழி வெட்டி, உள்ள மரம் புதரெல்லாம் விட்டாங்க. உங்க புலி புதர் ஓரமா போய் படுத்துச்சுல்ல, அந்த வசதி அதுக்கு கெடைக்கவே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்மள பாக்க வேணாம்னா ஒதுங்கிப் போக ஒரு எடம் இருக்கணும், நல்ல ஜூன்னா எனக்கு மொதல்ல அதுதான். சில எடத்துல புலி ஒரே தடத்துல போயிட்டு வந்துட்டு இருக்கும், அதே கல்லுகிட்ட திரும்பும், கால் பட்டுப் பட்டு அந்தக் கோட்டுல புல்லே மொளச்சிருக்காது. பாக்குறவங்க 'சூப்பரா நடக்குது'ன்னு வீடியோ எடுப்பாங்க, ஆனா அது பெரும்பாலும் அடைபட்ட மன அழுத்தத்துல வர்ற நடை. அதுக்கு தூங்குற புலி எவ்வளவோ மேல்.

சின்னவன சிங்கவால் குரங்கு கிட்ட நிறுத்துங்க. ஒகேனக்கல்ல சிப்ஸ் பாக்கெட்ட புடுங்குமே, அது நாட்டுக்குரங்கு, இது வேற. மேற்குத் தொடர்ச்சி மலை சோலைக்காட்ட விட்டா உலகத்துல வேற எங்கயும் இது கெடையாது. கருப்பு மூஞ்சிய சுத்தி வெள்ளிப் பிடரி, வால் நுனியில குஞ்சம், கெடச்சத கன்னத்துப் பைக்குள்ள அடக்கி வச்சுக்கிட்டு அப்புறமா மெதுவா மெல்லும். ஒரு கால் மணி நேரம் அங்கயே நின்னு பாருங்க, அழுத பையன் கெளம்பவே மாட்டான்.

பன்னேர்கட்டா உங்களுக்கு கிட்ட, ராயக்கோட்டை ஓசூர் வழியா போயிறலாம், வலை போட்ட பஸ்ல சஃபாரி உண்டு. தாராளமா போங்க. ரெண்டு ஜூவுக்கும் செவ்வாய்க்கிழமை லீவு, அத மறந்துறாதீங்க.

வெள்ளைப்புலி அழிஞ்சுட்டு வர்ற தனி இனமா சார்?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

தனி இனமே இல்லைங்க. நம்ம புலிதான், ஒரு ஜீன் மாற்றத்தால மஞ்சள் நிறம் வராம போகுது, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்தாத்தான் குட்டி வெள்ளையா பொறக்கும். 1951-ல மத்தியப் பிரதேசத்துப் பக்கம் ரேவா மகாராஜா ஒரு வெள்ளைக்குட்டிய புடிச்சு மோகன்னு பேர் வச்சாரு, இன்னைக்கு ஜூக்கள்ல இருக்குற வெள்ளைப்புலிங்கள்ல பெரும்பாலானது அதோட வம்சம். நிறத்துக்காக சொந்தத்துக்குள்ளயே சேத்து சேத்து குட்டி எடுத்ததால மாறுகண்ணு, வேற ஊனம்னு நெறைய வந்துச்சு. கூட்டம் சேருதுங்குறதுக்காக இப்படி குட்டி எடுக்குறது எனக்குப் புடிக்கல. இருக்குறத நல்லா பாத்துக்கட்டும், புதுசா வேணாம்.

எங்க ஊர்ல ராகி காட்டுக்கு யானை வருது. அதையெல்லாம் ஏன் புடிச்சு ஜூல வைக்கக் கூடாது?
*எட்டாம் வகுப்பு மாணவன், தேன்கனிக்கோட்டை*

தம்பி, விளைஞ்ச ராகிய ஒரே ராத்திரில மிதிச்சுட்டுப் போனா வீட்டுல எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா யானை ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல தீனி திங்கும், அதுக்காக கிலோமீட்டர் கணக்கா நடந்துட்டே இருக்கும், கூட்டத்த விட்டுப் பிரிஞ்சா வாடிப்போயிரும். ஜூல அந்த எடத்துக்கு எங்க போறது? அதனாலதான் ஜூக்கள்ல இருக்குற யானைகள முகாமுக்கு மாத்தணும்னு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லயே உத்தரவு போட்டுச்சு. உங்க பக்கம் வர்றது பெரும்பாலும் பன்னேர்கட்டா காட்டுல இருந்து ஜவளகிரி வழியா ராகி விளையுற சமயத்துல எறங்குற கூட்டம், எத்தனையோ தலைமுறையா அதே தடம்தான். ஓசூர் பக்கத்து காடுகள சேத்து 2014-ல காவேரி வடக்கு சரணாலயம்னு அறிவிச்சது அந்தத் தடத்துக்கும் சேத்துத்தான் உதவும். அப்பாகிட்ட சொல்லு, பயிர் சேதத்துக்கு வனத்துறையில நஷ்டஈடு உண்டு, மிதிபட்ட காட்ட ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு உடனே ரேஞ்சர் ஆபீஸ்ல மனு குடுக்கச் சொல்லு. நீ யானை பக்கத்துல போன் எடுத்துட்டுப் போகாத.